அமெரிக்க நால்வர் பாட்டுக் குழுவான ஓக் ரிட்ஜ் பாய்ஸுக்குத் திருவொற்றியூரிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய டுவேன் ஆலன், வில்லியம் லீ கோல்டன், ரிச்சர்ட் ஸ்டெர்பன், புதிதாக வந்து சேர்ந்த பென் ஜேம்ஸ் ஆகியோருக்கு,



'பாய்ஸ்' என்று பெயர் வைத்திருக்கும் உங்களில் மூத்தவருக்கு எண்பத்தைந்து வயது தாண்டிவிட்டது; தாடி நெஞ்சை மறைக்கிறது. அதனால் பெரியவர்களே என்றே கூப்பிடுகிறேன். வடசென்னையில் திருவொற்றியூர் என் ஊர். வடக்கே எண்ணூர், தெற்கே காசிமேடு, ராயபுரம், அதைத் தாண்டினால் ஹார்பர். இங்கே நால்வர் என்று யாராவது சொன்னால் அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்றுதான் அர்த்தம். அதிலும் சுந்தரர் எங்கள் ஊர் மாப்பிள்ளை. சங்கிலியாரை மணந்தது இங்கேதான். நானோ சர்ச் பாடகர் குழுவில் பாஸ் பாடுகிறவன். இந்தக் கடிதம் எழுத அந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அமெரிக்க நாட்டுப்புறப் பக்திப் பாட்டு என்றால் முதலில் ஜிம் ரீவ்ஸ். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களும் ராயபுரம் பக்கம் இருந்த ரயில்வே குடும்பத்து ஆங்கிலோ-இந்தியர்களும் அவரைச் சொந்தக்காரர் மாதிரி வைத்திருந்தார்கள். உங்கள் கேசட் எனக்குக் கிடைத்தது பர்மா பஜாரில். ஹார்பருக்கு எதிரே இருக்கும் அந்தக் கடைகளுக்குக் கப்பல்காரர்கள் கொண்டுவராத சாமான் இல்லை. ஜிம் ரீவ்ஸ் தனியாளாகத் தாலாட்டுகிறவர். நீங்கள் நாலு பேர், நாலு உயரத்தில் நின்று ஒரே வரியைத் தூக்குகிறீர்கள். பாஸ் பாடுகிறவனுக்கு யார் மேல் பாசம் வரும் என்று சொல்ல வேண்டுமா?

ஆனால் முதல் நன்றி உங்களுக்கு இல்லை, வாலி ஃபவுலருக்கு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு டென்னசியில் வரைபடத்தில் காட்டாத ஓர் ஊரை எழுப்பியது. 1945இல் அந்த ஓக் ரிட்ஜில் ஏறக்குறைய 75,000 பேர். சுற்றிலும் வேலி, வாசலில் காவல், சட்டையில் பேட்ஜ். உள்ளே என்ன தயாராகிறது என்று வேலை செய்தவர்களிலேயே பெரும்பாலோருக்குத் தெரியாது. நினைத்தபோது வெளியே போய்வர முடியாத அந்த ஜனங்களுக்குப் பாட, பக்கத்து நாக்ஸ்வில்லில் இசைக்குழு வைத்திருந்த ஃபவுலர் 1943 முதல் போய்வந்தார். ஜனங்கள் கேட்டதெல்லாம் பக்திப் பாட்டு. போகப் போக அந்த ஊர்ப் பெயரே குழுவுக்கு ஒட்டிக்கொண்டது: ஓக் ரிட்ஜ் குவார்ட்டெட்.

இந்தப் பெயர்க் கதை எங்கள் ஊர்க்காரனுக்குச் சட்டென்று விளங்கும். எம்ஆர்எஃப் 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை இருந்தது திருவொற்றியூரில். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் வந்தது, பிறகு அது அசோக் லேலண்ட். 1955இல் இங்கே என்ஃபீல்டு. வத்திப்பெட்டிக் கம்பெனியின் பெயர் விம்கோ நகர் என்று இன்றும் ஸ்டேஷன் பலகையில் நிற்கிறது. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். ஷிப்டை வைத்துத்தான் எங்கள் குழு ஒத்திகைக்கே நாள் குறிக்கும். நைட் ஷிப்ட் முடித்து வந்து டெனர் பாடினவர்களை எனக்குத் தெரியும். கேட்கிற கூட்டம் அப்படிப்பட்டதாக இருந்தால் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஃபவுலர் அந்த வேலிக்குள் கற்றிருப்பார்: வார்த்தை புரிய வேண்டும், கூடச் சேர்ந்து பாட வர வேண்டும்.

அந்த வேலிக்குள் செறிவூட்டிய யுரேனியம்தான் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மேல் விழுந்தது. பாடினவர்கள் மேல் அந்தப் பழியைப் போட மாட்டேன். அதே சமயம், உங்கள் பெயரைச் சொல்லும்போது அது நினைவுக்கு வராமலும் இருக்காது. எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு: எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. சாம்பல் இன்னும் கழிமுகத்தில் கிடக்கிறது. சம்பளம் கொடுத்த புகைபோக்கியும் அதுதான், வலைக்காரரின் ஆற்றைக் கெடுத்ததும் அதுதான். இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள்.

ஃபவுலர் 1948இல் நாஷ்வில் ரைமன் அரங்கத்தில் விடிய விடியப் பாடும் கூட்டங்களைத் தொடங்கினார். முழு இரவு ஜெபத்துக்குப் பாயும் ஃபிளாஸ்க்குமாகக் கிளம்புகிற எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது 1957இல் நடந்தது. ஃபவுலர் குழுவில் பாடிய ஸ்மிட்டி காட்லினுக்குக் கடன்பட்டிருந்தார். கடனுக்கு ஈடாகக் குழுவின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டார்! 1961இல் காட்லின் அதை ஓக் ரிட்ஜ் பாய்ஸ் என்று மாற்றினார். குழு என்பது ஆட்கள் அல்ல, நாலு நாற்காலிகள் என்று அன்றைக்கே கணக்குத் தீர்ந்துவிட்டது. 1965இல் கோல்டன், 1966இல் ஆலன், 1972இல் எல்விஸுக்குப் பின்பாட்டுப் பாடிய ஸ்டாம்ப்ஸ் குழுவை விட்டு ஸ்டெர்பன், 1973இல் ஜோ பொன்சால்.

அந்த நாற்காலிகளின் ஏற்பாட்டை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்குவது பெரும்பாடு. சர்ச்சில் பாமாலையை நாலு குரலில் பாடும்போது மெட்டு மேலே, சோப்ரானோவில் இருக்கும். உங்களைப் போன்ற ஆண் குழுவில் மெட்டு இரண்டாவது குரலுக்கு, அதாவது ஆலனுக்கு. டெனர் அதற்கு மேலே பறக்கும். பாரிட்டோன் நடுவில் இடுக்கை அடைக்கும். அது இருக்கும்போது யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் எல்லாருக்கும் தெரியும். அடியில் பாஸ். அந்த அடித்தளத்தையே வேடிக்கையாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது 'எல்விரா'. அதை எழுதிய டல்லஸ் ஃப்ரேஸியர் நாஷ்வில்லில் பார்த்த ஒரு தெருப் பலகையிலிருந்து பிறந்த பாட்டு. 1981இல் நீங்கள் பாடியபோது கன்ட்ரி வரிசையில் முதலிடம், பாப் வரிசையில் ஐந்தாமிடம். அதற்குக் காரணம் ஸ்டெர்பன் ஐயாவின் அர்த்தமில்லாத அந்த அடிக்குரல் அசைகள்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

அதற்கு முன்னால் பட்ட பாடும் தெரியும். முடி நீளம், டிரம்ஸ், பளபளப்புச் சட்டை என்று பக்திக் கூட்டத்தார் உங்களைக் கரித்துக் கொட்டினார்கள். கலைந்துபோகும் நிலையில் இருந்த உங்களைப் பாடகர் ஜானி கேஷ் லாஸ் வேகாஸுக்குத் தன்னோடு கூட்டிப்போய்த் தாங்கினார். இந்தச் சண்டை எங்களுக்கும் பழசு. டோலக் ஆலயத்துக்குள் வரலாமா, கானா மெட்டில் கர்த்தரைப் பாடலாமா என்று இங்கே இன்றும் கமிட்டியில் குரல் உயர்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர், கர்நாடக ராகத்தில் கீர்த்தனை எழுதிக் கதாகாலட்சேபம் செய்தார். பின்னால் வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய பிணக்கு. ஆனால் 1853இல் கிறிஸ்தவ கீர்த்தனைகளைப் புத்தகமாக்கியவரும் ஒரு மிஷனரிதான், அதுவும் உங்கள் நாட்டு மிஷனிலிருந்து வந்த எட்வர்ட் வெப். சாஸ்திரியார் பட்டம் தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் கைமாறி வருகிறது. அதுவும் ஒரு நாற்காலிதான்.

கோல்டன் ஐயா, 1987இல் உங்களை விலக்கியபோது அந்த இடத்தில் ஸ்டீவ் சாண்டர்ஸ் பாடினார். 1995 முடியும் நாளில் நீங்கள் திரும்பி வந்தீர்கள். விலக்கியவர்களோடு அதே மைக் முன்னால் மறுபடி நிற்பது லேசான காரியமா? எங்கள் குழுவில் கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான். அந்த ஒரு விஷயத்துக்காக உங்களுக்குத் தனியாக நன்றி.

ஜோ பொன்சால் 2024 ஜனவரியில் பயணத்தை நிறுத்திக்கொண்டு, நரம்பு நோயோடு ஜூலை 9 அன்று காலமானார். பென் ஜேம்ஸ் தம்பி, அவர் இடத்தில் நிற்பது எப்படி என்று உங்களைப் பலரும் கேட்டிருப்பார்கள். நான் கேட்க மாட்டேன். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று வேலை தென்மேற்கே போகப் போக, எங்கள் டெனர் வரிசையும் கூடவே போகிறது. இடத்தில் நிற்கிறவர்களுக்கு எந்தச் சபையும் போதுமான நன்றி சொல்வதில்லை.

டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்கு முன்னால் ஒரு பையனை பாஸுக்குத் தயார் செய்ய வேண்டும். கன்டெய்னர் யார்டில் வேலை; குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, கூச்சம் மட்டும் போகவில்லை. கூச்சம் தெளிய 'எல்விரா'தான் போட்டுக் காட்டுகிறேன். போதகர் ஐயாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
திருவொற்றியூர் பாடகர் குழு, பின்வரிசை, வலது ஓரம்