தினையும் கிளியும்

நம் பக்கத்தில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு கிளிகள் உண்மையில் அப்பெயருக்குரியவை அல்ல. அப்பெயர் ஆப்பிரிக்கக் கிளிகளுடையது. இவை ஆஸ்திரேலியாவின் பட்ஜிகள். 1840இல் ஜான் கூல்டு என்னும் பறவையியலார் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். நீரைத் தேடிப் பெருங்கூட்டமாய் அலையும் பச்சைப் பறவைக்கு, கூண்டு வாழ்வில் நீலமும் வெள்ளையுமாகக் குஞ்சுகள் பிறந்தன.

பங்கு இல்லத்தின் பின்கட்டில் இரண்டு இணைகளை வளர்த்து வருகிறேன். துளையிட்ட மண்பானையே அவற்றின் பேறுகால அறை. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். அடைகாப்பு ஏறத்தாழ 18 நாள். பச்சை இணைக்கு நீலக் குஞ்சு பிறந்தபோது, சமையல் செய்யும் அம்மா, "சாமி, பானையிலே யாரும் மாத்தி வச்சிட்டாங்களா?" என்றார். தாய், தந்தை இருவரிடமும் மறைந்து கிடந்த நிறமே அது என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

என்னுடையவை எளிய பறவைகள். கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் வளர்ப்பவையோ கண்காட்சி வகை. காட்டுப் பட்ஜி ஏறத்தாழ 18 செ.மீ. நீளம், 1925இல் தோன்றிய இங்கிலாந்துச் சங்கம் கண்காட்சிப் பறவைக்கு வகுத்த இலக்கணமோ 216 மி.மீ. பெருத்த தலை, அகன்ற நெற்றி, கழுத்தில் முத்துமாலைபோல் ஆறு கரும்புள்ளிகள். மிகையான புள்ளி இறகுகளைப் போட்டிக்கு முன் பிடுங்கிவிடுவார்கள். வலிக்காதா என்று கேட்டேன். "திரும்ப முளைச்சிரும் சாமி" என்றார்.

அவர் கல்நெஞ்சர் அல்லர். தாய் கைவிட்ட குஞ்சுக்கு விடியுமுன் எழுந்து கூழ் ஊட்டுபவர். ஆயினும் அவருடைய சிறந்த பறவையின் நெற்றி இறகு கண்ணின் மேல் சரிந்து கிடந்தது. தினை இருக்கும் கிண்ணத்தைத் தலையைச் சாய்த்தே தேடியது. நடுவர் பார்ப்பதற்காகப் பறவையின் பார்வையை மறைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சங்ககாலத்தில் குறிஞ்சி நிலத்து மகளிர் பரண்மீதிருந்து தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டினர். அதே மலையடிவாரத்தில் இன்று கிளிக்கென்றே தினை வாங்குகிறோம்! அந்தப் புனத்துப் பச்சைக்கிளியையோ கூண்டில் வைக்க 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை. அயல்நாட்டுப் பட்ஜிக்கு அத்தடை இல்லை. ஆகவே அதன் நலம் வளர்ப்பவர் மனத்தையே நம்பியிருக்கிறது.

அடுத்த பருவத்தில் கண் தெளிவாகத் தெரியும் பெட்டையை அதனோடு இணைசேர்க்கலாமே என்றேன். அவர் நெடுநேரம் கூண்டையே பார்த்தார்.

"தலை சிறுத்துருமே சாமி, பரிசு போயிருமே" என்றார். பிறகு, என்னிடமிருந்த பச்சைப் பெட்டைக்கு என்ன வயது என்று கேட்டார்.