கோபுர நிழலில் ஓர் ஒல்லிக் கட்டடம்

உயரமாகக் கட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒல்லியாகக் கட்டி உள்ளே காற்றையும் வரவைப்பதுதான் வித்தை. அதற்கான பாடம் கிழக்கேகோட்டைத் தெருக்களிலேயே இருக்கிறது.

அந்தத் தாடிக்கார முகம் மணிக்கொருமுறை வாயைத் திறக்கும். இரண்டு பக்கமிருந்தும் ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளக்கரையில் இருக்கும் மேத்தன் மணியை அண்ணாந்து பார்க்காமல் போகிறவர்கள் குறைவு. அங்கிருந்து முகத்தைத் திருப்பினால் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம். உயரம் 100 அடி. இன்றைய கணக்கில் பத்து மாடி.

பத்து மாடி இப்போது யாரையும் பிரமிக்க வைப்பதில்லை. பட்டம், கவடியார் பக்கமும், 1990இல் டெக்னோபார்க் வந்த பிறகு கழக்கூட்டம் பக்கமும் அதைவிட உயரமான அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கோட்டைப் பகுதியில் உயரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் இங்கே மட்டும் கோபுரத்துக்குப் போட்டியில்லை.

கோபுரம் நிற்கும் ரகசியம் எளிது. அடி அகலம், தலை குறுகல். அடுக்குமாடிக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலத்தின் விலை அப்படி. கீழே உள்ள அதே பரப்பு உச்சியிலும் வேண்டும். இதை ஓர் எல்லைவரை இழுத்துப் பார்த்தது நியூயார்க். அங்கே 57ஆவது தெருவிலுள்ள ஸ்டெயின்வே டவரின் உயரம் 435 மீட்டர். அகலத்தைப்போல் சுமார் 24 மடங்கு. ஒரு புதுப் பென்சிலை நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய அதே உடல்வாகு.

இப்படிப்பட்ட கட்டடத்துக்கு எடையைவிடக் காற்றுதான் எதிரி. எடை நேராகக் கீழே இறங்கிவிடும். காற்று பக்கவாட்டில் தள்ளும். இருபுறமும் மாறிமாறிச் சுழன்று ஆட்டவும் செய்யும். காற்றில் உச்சி நகரும் தூரம் உயரத்தில் ஐந்நூறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. 60 மீட்டர் கட்டடத்துக்கு 12 சென்டிமீட்டர். சுவர் தாங்கினால் போதாது, கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றக்கூடாது. இந்த விஷயத்தில் திருவனந்தபுரம் கொடுத்துவைத்த ஊர். வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், இங்கே 39தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சென்னையில் விழும் அடியில் ஐந்தில் மூன்று பங்குதான் இங்கே விழும்.

பிறகு ஏன் ஒல்லிக் கட்டடம் அபூர்வம்? பதில் உள்ளே இருக்கிறது. லிஃப்டுகள், இரண்டு படிக்கட்டுகள், குழாய்கள். மாடிக்கு எட்டு வீடு என்றாலும் ஒரே வீடு என்றாலும் இவற்றைத் தவிர்க்க முடியாது. ஆகவே பில்டருக்குக் குண்டுக் கட்டடமே லாபம். நடுவில் ஓர் இருட்டு நடை, இருபுறமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவர் ஒரு பக்கம் மட்டுமே. ஒரு வழியாக நுழையும் காற்றுக்கு மறு வழி இல்லை. வருஷம் முழுக்க வியர்க்கும் ஊரில் ஏ.சி. இல்லாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது.

கோயிலைச் சுற்றியுள்ள அக்ரகாரத் தெருக்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டன. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். முகப்பு குறுகல், நீளம் அதிகம். திண்ணையில் ஏறும் காற்று ரேழி, முற்றம், அடுக்களை வழியாகக் கொல்லைக்குப் போய்விடும். ஒல்லிக் கட்டடத்தைப் படுக்க வைத்ததுபோன்ற வீடு. அதை நிமிர்த்தும்போது இரண்டு முனைகளையும் தொலைக்காமலிருப்பதுதான் கட்டடக் கலைஞரின் வேலை.

சார்லஸ் கொரயா அதைச் செய்தார். மும்பையில் 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியின் உயரம் 84 மீட்டர். அகலம் இருபுறமும் 21 மீட்டர். 32 வீடுகள் மட்டுமே. கடற்காற்று மேற்கிலிருந்து வருகிறது. சாயங்கால வெயிலும் மழைச்சாரலும் அங்கிருந்துதான். பழைய பங்களா வராந்தாவை நினைவில் வைத்து, மூலைகளில் இரண்டு மாடி உயரத் தோட்டத் தாழ்வாரங்களை அமைத்தார். காற்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆனால் அது வசதி படைத்தவர்களின் கட்டடம். சிக்கனத்துக்குச் சான்று, கிழக்கேகோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தம்பானூரில் இருக்கிறது: லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். அடுக்குமாடி அல்ல, சிறிய இடத்தில் செங்கல் சுருள். சாய்தளம் ஏறிக்கொண்டே போக, சுவரோரம் மேஜைகள். சுவரின் துளைகள் வழியே காற்று.

அக்ரகாரங்களில் பிள்ளைகள் வெளியூரில், ஓடு மாற்ற ஆளில்லாமல் முதியவர்கள் வீட்டில். அவர்களுக்கு லிஃப்ட் வைத்த ஃப்ளாட் வரம்தான். விற்பதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு வீட்டை இடித்தால் பொதுச்சுவரின் மறுபக்கம் இருப்பவர் வீடும் அதிரும். ஒல்லிக் கட்டடம் சிறிய அடித்தளத்தில் நிற்பதால் ஆழத் தோண்டியாக வேண்டும். மழைநீர் வடியும் கால்வாய்கள் அடைபட்டு வெள்ளம் தேங்கியதால் 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' நடத்த வேண்டியிருந்த இடம் இது. கோட்டைக்குள் உயரக் கட்டுப்பாடு நீடிப்பதே நியாயம். உயர வேண்டியது வெளியே. அங்கேதான் அகலத்துக்கும் ஒரு விதி தேவை.

தெருவில் ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. கொல்லைக் கிணற்றடியில் விழுந்த வெயில் வாசலிலிருந்தே தெரிந்தது. அடுக்குமாடிக்குப் பிளான் போடுகிறவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம்.