நெய்தற் கரையில் நெடிய ஓட்டம்

விழா மலரொன்றிலே தமிழாசிரியன் ஓட்டப் பயிற்சியைப் பற்றி எழுதப் புகுவது பழைய மாணவர் சிலருக்கு வியப்பைத் தரலாம். கல்முனைக் கரையோரத்தில் ஆசிரியப் பணி புரியும் எம்மிடம், இலக்கண ஐயம் கேட்போரோடு, படை அதிகாரிப் பயிற்சிக்குத் தியத்தலாவை செல்ல விரும்பும் இளைஞரும் இடையிடையே வருகின்றனர். விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்துக்கு ஆயத்தமாகவும் துணை நாடி வரும் அவர்களுட் பலரை வருத்துவது வினாத்தாளன்று, ஓட்டமே.

அவர்தம் ஆசை அற்பமானதன்று. 1955ஆம் ஆண்டிலே இலங்கைத் தரைப்படைக்குத் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். பின்வந்த காலத்திலே தமிழ் பேசும் அதிகாரிகள் அருகினர். 2009இல் முடிவுற்ற போர்க்காலத்திலே, சோதனைச் சாவடிகளில் மொழியறியாது திகைத்து நின்ற முதியோரை இக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் இன்னும் மறந்திலர். அத்தகைய இடத்திலே தமிழறிந்த அதிகாரி ஒருவன் நிற்பானாயின் எத்துணை அச்சம் நீங்கும்! ஆதலின், ஒரு மாணவன் மூச்சிரைத்து இடைவழியில் நிற்பது அவனொருவனுக்கு மட்டும் இழப்பன்று.

சில ஆண்டுகளின் முன் சாய்ந்தமருது மாணவன் ஒருவன், தேர்வுக்கு மூன்று வாரமே இருக்க, நாள்தோறும் முழுவேகத்தோடு ஓடத் தொடங்கினான். “தம்பி, சற்று மெதுவாக ஓடும்” என்றோம். “நோகாமல் பலன் வருமா, சேர்?” என்றான். பத்தாம் நாள் முன்னங்கால் எலும்பில் நோவு கண்டது. நொண்டிக்கொண்டே தேர்வுக்குச் சென்றவன் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டான். மறுமுறை விண்ணப்பம் கோரப்பட்டபோது அவன் வயதெல்லையைக் கடந்திருந்தான்.

அவனிடம் குறைந்தது ஊக்கமன்று, காலமே. இதயமும் மூச்சும் சில வாரங்களிற் பயிற்சிக்கு இசைகின்றன. எலும்பும் தசைநாணும் இசைவதற்குப் பல மாதங்கள் வேண்டும். மெல்லோட்டமானது இதயம் ஒரு துடிப்பிலே செலுத்தும் குருதியின் அளவை மிகுவிக்கின்றது. தசைகளில் நுண்குருதிக் குழாய்களைப் பெருக்குகின்றது. அதுவே அத்திவாரம், வேகம் அதன்மேல் எழுப்பும் சுவர்.

மெல்லோட்டத்தின் அளவு யாதெனிற் கூறுவோம். ஓடிக்கொண்டே ஒரு வெண்பாவைச் சொல்லுக. ஈற்றுச்சீர் வரை சீர் சிதையாது வருமாயின் அதுவே தக்க வேகம். இடையில் மூச்சு முறியுமாயின் வேகம் மிகுந்தது என்பது பொருள்.

முதல் மாதத்திலே வாரம் மூன்று நாள், இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அரைமணி நேரம் பயின்றாற் போதும். பின்னர் வாரத்துக்குப் பத்திலொரு பங்களவு கூட்டலாம். ஒருநாள் மட்டும் ஒருமணி நேரம் வரை நீள ஓடுக. நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியாட், 1960 உரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் வென்ற பீற்றர் சினெல்லையும் 22 மைல் ஓடவைத்தே பயிற்றினார். மூன்றாம் மாதத்தில், வாரமொருநாள் 400 மீற்றரை விரைந்தோடி, அவ்வளவு தூரம் மெல்ல ஓடி இளைப்பாறி, ஆறுமுறை செய்க. 1952இல் ஹெல்சிங்கியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் மூன்றையும் வென்ற எமில் சற்றோபெக் இம்முறையிற் பயின்றவர். அவரும் ஒரு படை அதிகாரியே. மாதமொருமுறை, அமெரிக்க வான்படை மருத்துவர் கெனத் கூப்பர் 1968இல் வெளியிட்ட முறைப்படி, 12 நிமிடத்தில் ஓடிய தூரத்தை அளந்து குறித்து வைத்தல் நன்று.

இக்கரைக்குரிய சில குறிப்புகளும் உள. இளகிய மணலில் ஓடுவோன் கெட்டித் தரையில் ஓடுவோனைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றலைச் செலவிடுகிறான்; தொடக்கத்தில் அலை நனைத்த இறுகிய மணலே ஏற்றது. அது சரிவானதாகையாற் சென்ற வழியே திரும்புக. இரு கால்களுக்கும் பாரம் ஒக்கும். வெயிலேறுமுன், சுபஹ் தொழுகை முடிந்த பொழுதே உகந்தது. றமழானில் தூரத்தைக் குறைத்து, நோன்பு திறந்து சற்று நேரஞ் சென்றபின் ஓடினாற் போதும். ஈட்டிய வலிமை பெரிதும் அழியாது. கடல்மட்டத்திற் பயின்றோர், தியத்தலாவை 4,000 அடியளவு உயரத்திலே உள்ள மேட்டு நிலம் என்பதையும் மறவாதிருப்பாராக. கரையில் மேடில்லையாயினும் பாலங்களும் மாடிப்படிகளும் உள.

இப்பொழுது மருதமுனை மாணவனொருவனும் காரைதீவு மாணவனொருவனும் விடியலிற் சேர்ந்து ஓடுகின்றனர். தேர்வுக்கு ஐந்து மாதம் உண்டு. ஒருவன் வெண்பாச் சொல்ல, மற்றவன் தளை தட்டுமிடத்தைத் திருத்துகின்றான்.

மாணவ மணிகாள்! விண்ணப்பம் வெளிவரும் நாளை நோக்கியிராது இன்றே தொடங்குமின், மெல்லத் தொடங்குமின்.