மகரக்குறுக்கமும் மிதவையெண்ணும்

எமது கல்லூரியிற் பயின்று இப்பொழுது கணினித் துறையிற் பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையின்போது எம்மைக் காண வந்திருந்தார். பேச்சுக்கிடையே, "ஐயா, மகரக்குறுக்கம் நினைவிருக்கிறதா?" என்று வினாவினார். தமிழாசிரியரிடம் இவ்வாறு கேட்பது, கடலோடியிடம் வலை தெரியுமா என்று கேட்பது போன்றதன்றோ? நாம் நகைத்தோம். அவர் நகைக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றை அவர் எடுத்துச் சொன்னார். அன்று சார்பெழுத்துக்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தோமாம். மகரமெய்க்கு மாத்திரை அரை. ணகர னகர மெய்களின் பின்னரும் வகரத்தின் முன்னரும் அது காலாகக் குறுகும். உதாரணம் 'போன்ம்' என்று கூறி அப்பாற் செல்ல முற்பட்டோமாம். அப்பொழுது இவர் எழுந்து, "போன்ம் என்று இன்றைக்கு யார் பேசுகிறார்கள், ஐயா? ஒருவரும் வழங்காத ஒன்றுக்குத் தனிப்பெயர் எதற்கு?" என்று கேட்டாராம். நாம் அளித்த விடை, "தம்பி, பரீட்சைக்கு வருவது அரிது, நேரமில்லாவிட்டால் விட்டுவிடு" என்பது.

அவ்விடையை நாம் மறந்துவிட்டோம். ஆயினும் சொல்லியிருப்போம் என்பதில் ஐயமில்லை. அந்நாளிற் பாடத்திட்டத்தை முடித்துவிடும் அவசரமே எமக்குப் பெரிதாயிருந்தது.

"அந்தக் கேள்விக்கு விடையை நான் வேலைசெய்யும் இடத்திற் கண்டேன்" என்றார். அவர் விளக்கியதை எமக்கு எட்டிய அளவில் எழுதுகின்றோம். கணினி கற்றோர் குறை காணின் பொறுத்தருள்க.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் நடுவே நின்று, நினைவகம் முதலிய யாவற்றையும் ஆளுவது கேர்ணல் எனப்படும் கரு. அதனுள் நிகழ்வனவற்றை ஆராய்ந்து வழுக்களைக் களைவதற்கு, அதிலுள்ள தரவுகள் எவ்வகையின, எத்தனை பைற்று நீளமுடையன என்று கூறும் விவரணம் ஒன்று வேண்டும். முன்னிருந்த விவரணம் மிகப் பருத்தது. 2018 ஆம் ஆண்டிலே 4.18 ஆம் பதிப்புடன் வந்த பீ.ரீ.எப். என்னும் அமைப்போ, சூத்திரம் போலச் சுருங்கியது. ஒவ்வொரு வகைக்கும் அடிப்படையாக 12 பைற்றே உண்டு: பெயர் இருக்குமிடத்தைக் காட்ட நான்கு, வகையெண் முதலியவற்றுக்கு நான்கு, அளவையோ வேறொரு வகையையோ குறிக்க நான்கு.

எமது சொல்லிலக்கணம்போல அதற்கும் ஒரு பாகுபாடு உண்டு. நிறைவெண் முதலாவது வகை, சுட்டி இரண்டாவது, பல உறுப்புக்களைக் கொண்ட கட்டமைப்பு நான்காவது. நிறைவெண்ணைப் பகாப்பதம் என்றும் கட்டமைப்பைப் பகுபதம் என்றும் நாம் மனத்திற் கொண்டோம். இவ்வாறு 15 வகைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. அவற்றுள்ளே மிதவையெண்ணுக்கு இடமில்லை.

மிதவையெண் என்பது, புள்ளி ஓரிடத்தில் நில்லாது நகரத்தக்கதாக எழுதப்படும் எண். நான்கு பைற்று நீளமுடைய மிதவையெண்ணில் 32 பிற்றுக்கள் உள. அவற்றுள் ஒன்று குறிக்கும், 8 அடுக்குக்கும், 23 பின்னத்துக்கும் உரியன. கணிதம் செய்வோர் நாடோறும் வழங்கும் இதனைக் கேர்ணல் பொதுவாக வழங்குவதில்லை. மிதவைப் பதிவகங்களில் அப்பொழுது ஓடிக்கொண்டிருந்த செய்நிரலின் எண்கள் கிடக்கும். கேர்ணல் அவற்றைத் தொடவேண்டுமாயின் முதலிற் பத்திரப்படுத்திப் பின்னர் மீட்டு வைத்தல் வேண்டும். அத்தொல்லையை அது விரும்புவதில்லை. தான் வழங்காத ஒன்றுக்குத் தனிப்பெயர் எதற்கு? இவர் அன்று எழுந்து கேட்ட கேள்விதான்.

இடர் வந்தது ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ்390 என்னும் பெருங்கணினி வழியில். அக்கணினிக்குரிய கேர்ணற் கோப்புக்களில், பதினாறு மிதவைப் பதிவகங்களுக்கும் உரிய இடத்தை வரையறுக்கும்போது, ஒரே எட்டுப் பைற்றை மிதவையெண்ணாகவும் நிறைவெண்ணாகவும் நோக்கத்தக்கதாக எழுதியிருந்தனர். அங்கே கூட்டலுமில்லை, பெருக்கலுமில்லை. அச்சொல் இருந்ததே குற்றம். அக்கோப்புக்களைச் சேர்த்து ஆக்கிய பீ.பீ.எப். செய்நிரல்களுக்கு விவரணம் எழுதிய தொகுப்பான், மிதவையெண் வந்தவிடத்தில் எழுதுவதற்கு வகையின்றிச் சுழியத்தை இட்டுச் சென்றது. நேரமில்லாவிட்டால் விட்டுவிடு என்று நாம் சொன்னது போலத்தான். விவரணத்தைச் சரிபார்க்கும் கேர்ணலோ அச்சுழியத்தை ஏற்கவில்லை. மிதவையெண்ணைக் கனவிலும் கருதாத செய்நிரல், முழுவதுமாகத் தள்ளப்பட்டது.

"நிறைவெண் என்றே எழுதிவிட்டால் ஆகாதோ?" என்று கேட்டோம். அவர் தாளொன்றை வாங்கி எழுதிக் காட்டினார். நான்கு பைற்று மிதவையெண்ணாகக் கிடக்கும் 1 என்பதை நிறைவெண் என்று கருதி வாசித்தால், 1065353216 என்று வருமாம். நூற்றாறு கோடிக்கு மேல்! அளவு பொருந்தினும் பொருள் பொருந்தாது.

ஐ.பி.எம். பொறியியலாளர் ஒருவர் ஆக்கிய திருத்தம் 2021 ஆம் ஆண்டு 5.13 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. மிதவையெண் பதினாறாவது வகையாயிற்று. அதற்கு உரியவை பெயரும் அளவுமே. நிறைவெண்ணுக்குக் குறியுடையதா, எத்தனை பிற்று என்றெல்லாம் கூறும் நான்கு பைற்று மேலதிகமாக உண்டு. இதற்கு அதுவும் இல்லை. அளவு 2, 4, 8, 12, 16 பைற்றுக்களுள் ஒன்றாதல் வேண்டும். ஏனையவை இரட்டித்துச் செல்ல, 12 எங்ஙனம் புகுந்தது? பழைய 32 பிற்று இன்ரெல் கணினிகளில், 80 பிற்று நீளமுடைய மிதவையெண்ணைப் பன்னிரண்டு பைற்று இடத்தில் வைக்கும் வழக்கம் உண்டாம். "அதுவும் ஒரு போன்ம்தான், ஐயா" என்றார்.

எமக்கு மிகவும் சுவைத்தது வேறொன்று. பழைய கேர்ணல்கள் இப்புதிய வகையை அறியா. ஆகவே செய்நிரலை ஏற்றிவைக்கும் நூலகம், அத்தகைய கேர்ணலைக் கண்டால், மிதவையெண்ணை அதே அளவுடைய வெறுங் கட்டமைப்பாக மாற்றிவிடும். உறுப்பு ஒன்றும் இல்லை. பெயரும் இல்லை, ஏனெனில் மிதவை வகையின் பெயரைக் கட்டமைப்புக்கு இடுவதை சீ மொழி ஒப்பாது. பொய்யென்று தெரிந்தும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது. "இது வழுவமைதியல்லவா!" என்று நாம் உரத்துச் சொல்ல, அயலறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

அவர் போன பின்பு, அன்று அவ்வகுப்பில் இருந்த ஏனைய மாணவரை எண்ணிப் பார்த்தோம். இவர் ஒருவர் தமது கேள்வியை விடாது வைத்திருந்தார். மற்றவர்கள் எமது விடையையே கொண்டுபோயிருப்பர்.

வாயிலில் விடைபெறும்போது அவர் கடைசியாகக் கேட்டது இது: "போன்ம் ஒன்றைத்தான் அன்று கரும்பலகையில் எழுதினீர்கள். இன்னுமோர் உதாரணம் உண்டல்லவா, ஐயா?"

"மருண்ம்" என்றோம். கைத்தொலைபேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.