விடுதி வாழ்வும் வீட்டுரிமையும்

ஆண்டில் ஏறத்தாழப் பத்துத் திங்கள் நான் ஒரு விடுமுறை விடுதியில் குடியிருக்கிறேன். இதைக் கேள்வியுறும் அன்பர்கள் இருவகையாகப் பேசுகின்றனர். "உமக்கென்ன குறை? நாங்கள் காசு கொடுத்து இரண்டு நாள் தங்கும் இடத்தில் நீர் நாள்தோறும் இருக்கின்றீர்" என்பர் சிலர். "முதுமைக் காலத்தில் சொந்தக் கூரையின்றி இருக்கலாமா?" என்று இரங்குவர் சிலர். இரண்டு கூற்றிலும் உண்மையுண்டு. இரண்டும் முழு உண்மையல்ல. தங்கும் இடத்திற்கும் சொந்த வீட்டிற்கும் உள்ள வேற்றுமையை இந்நாட்டுத் தமிழர் பட்டறிந்தவர்கள். பட்டறிந்தும் அதனைப்பற்றி நாம் போதிய அளவு சிந்தித்தோமா என்பதே என் கேள்வி.

விடுதி இருப்பது ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பேங் வட்டாரத்தில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றின் நிலத்தில். பால்மரங்கள் அற்றுப்போய்விட்டன, டுரியானும் செம்பனையும் நிற்கின்றன. பன்னிரண்டு சிறு மரவீடுகள். வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு நண்பகல் வரை கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் மக்கள் வருவர். கம்பார் ஆற்றில் ரப்பர்ப் படகு விடுவர். உண்பர், பாடுவர், போவர். மற்ற நாட்களில் பதினொரு வீடுகள் பூட்டிக் கிடக்கும். பன்னிரண்டாவதில் நான். நீர் இறைக்கும் பம்பைக் கவனிப்பதும் வருவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும் என் கடமை. அதற்கு ஈடாக அவ்வீட்டைச் சிறு தொகைக்கு விட்டிருக்கின்றனர். நாற்பதாண்டு எழுத்தராக இருந்த எனக்குப் பதிவேடு புதிதன்று. எனக்கும் ஈப்போவில் ஒரு வீடு இருந்தது. மனைவியின் நோய்க்காக அதை விற்றேன். அதுபற்றி எனக்கு வருத்தமில்லை; வீட்டைவிட உயிர் பெரிது.

இவ்விடத்தின் இன்பத்தை மறைத்துப் பேசுதல் நன்றியன்று. திங்கட்கிழமைக் காலையில் விருந்தினர் ஆரவாரம் அடங்கியபின், சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் மூடுபனி படிந்திருப்பதைக் காணலாம். ஆற்றின் ஓசையும் பறவைகளின் குரலுமன்றி வேறொன்றும் கேளாது. நகரத்தில் மூச்சுத் திணறியவன் இங்கே நன்றாக உறங்குகிறேன்.

ஆனால், பள்ளி விடுமுறை வந்ததும் நிலைமை மாறுகிறது. ஊரார் விடுதிக்கு வருவர். நான் விடுதியைவிட்டு ஊருக்குப் போவேன்! சீனப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் அப்படியே. துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டிற்குச் செல்வேன். கூட்டம் ஓய்ந்தபின் திரும்புவேன். சுவரில் ஆணி அடித்தல் கூடாது என்பது விதி. ஆதலின் என் மனைவியின் படம் மேசைமேல் சாய்ந்தே நிற்கிறது. நான் கையொப்பமிட்ட தாளில் என்னை 'வாடகைக் குடி' என்று எழுதவில்லை. 'அனுமதி பெற்றுத் தங்குபவர்' என்றே எழுதியிருக்கின்றனர். அனுமதி நின்றால் பதினான்கு நாளில் வெளியேற வேண்டும்.

அடையாள அட்டையில் இருப்பதோ மகளின் முகவரி. 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் இந்நாட்டில் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகின்றனர். அடையாள அட்டையின் முகவரியே அவர்தம் தொகுதியை முடிவு செய்கிறது. எனக்கும் அம்முகவரிப்படியே வாக்கு. எனவே, நாள்தோறும் நான் நடக்கும் சாலையின் குழியைப்பற்றிக் கேட்க எனக்கு இங்கே வாக்கில்லை. இருக்கும் இடத்தில் உரிமையில்லை. உரிமையுள்ள இடத்தில் நான் இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த புதுமையா? அன்று. என் பாட்டனும் தந்தையும் வாழ்ந்த வாழ்வே இதுதான். அவர்களுக்கு அதன் பெயர் லயம். பிரட்டில் பெயர் உள்ளவரை லயத்தில் இடமுண்டு. பெயர் நீங்கினால் இடமும் நீங்கும். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. கயிற்றின் நுனி துரையின் கையில் இருந்தது. அங்கே முருங்கை நட்டனர், கோயில் எழுப்பினர், பிள்ளை பெற்றனர், பிணம் எரித்தனர். 1948இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின் பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்வேலியும் எழுந்தது. ஆயினும் நின்ற மண்ணில் ஒரு சாணும் அவர்களுடையதன்று.

என் தந்தை பால் வெட்டியது இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள மற்றொரு தோட்டத்தில். முதுமையால் அவர் வேலையை விட்டபோது எனக்குப் பதினெட்டு வயது. ஒரு மாதத்திற்குள் லயத்து வீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். என் தாய் அடுப்பை மெழுகிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தான் நட்ட முருங்கையில் காய்த்திருந்த காய்களை அண்டை வீட்டாருக்குப் பறித்துக் கொடுத்தாள். மரத்தை எடுத்துச் செல்ல முடியாதல்லவா?

சட்டங்கள் வராமலில்லை. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம்பற்றி 1966இல் ஒரு சட்டமும், அதற்குப்பின் 1990இல் ஒரு சட்டமும் பிறந்தன. நன்றே. ஆனால் நல்ல கூரை வேறு. சொந்தக் கூரை வேறு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, லயத்துக் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அப்பொழுது நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று சொன்னார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலியாய் நின்றவன் பங்காளியானது சிறிய செய்தியன்று. எனினும் பங்குச் சீட்டு வேறு, தன் பெயரில் வீட்டுப்பட்டா வேறு. அந்த இரண்டாம் படியில் ஏறியவர் எத்தனை குடும்பத்தார் என்பதை அவரவர் சுற்றத்தைப் பார்த்து எண்ணிக்கொள்க.

பத்து காஜா அருகே ஒரு கோட்டை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் அம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியத் தொழிலாளர் செங்கல் சுமந்தனர். கொள்ளைக் காய்ச்சலில் அவர்களுட் பலர் மாண்டபோது, அவர்கள் வேண்டியபடி அருகே மாரியம்மன் கோயில் எழுந்ததாகச் சொல்வர். 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. இன்று அது சுற்றுலாத் தலம். பட்டா உள்ளவனுக்கு வாழ்நாள் போதவில்லை. வாழ்நாள் முழுதும் உழைத்தவனுக்குப் பட்டா வாய்க்கவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிப் படம் எடுப்போர் இவ்விரண்டையும் சேர்த்து நினைத்தல் நலம்.

எங்கள் விடுதியிலும் படம் எடுக்கின்றனர். வரவேற்பறைச் சுவரில் பால் வெட்டும் கத்தியும் மங்கும் காண்டா வாளியும் அழகுக்காகத் தொங்குகின்றன. அச்சுவரில் மட்டும் ஆணி அடிக்கலாம் போலும்! ஒருநாள் எட்டு வயதுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி மங்கைக் காட்டி, "தாத்தா, இது விளக்கா?" என்று கேட்டாள். அதன் பயனைச் சொன்னேன். அவள் தாயும் உடன் நின்று கேட்டாள். அவ்வம்மையின் பாட்டியும் பால் வெட்டியவராம். அவர் இருந்த லயம் எங்கே இருந்தது என்பது குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். பட்டா இல்லாத வீடு முதலில் கையைவிட்டுப் போகிறது. பிறகு நினைவைவிட்டும் போகிறது.

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நம்மவர்க்கு நான் சொல்வது இதுவே. குடியிருக்கும் வீட்டின் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர், எந்தச் சொல் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். புரியாவிடில் படித்த பிள்ளையைக் கொண்டு படியுங்கள். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் கடன் வாங்கும் துணிவு நமக்குண்டு. அத்துணிவில் பாதியை மனை வாங்கச் செலவிட்டால், அடுத்த தலைமுறை யாருடைய அனுமதியும் கேளாது சுவரில் ஆணி அடிக்கும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றனர் நம் முன்னோர். அவர்களுள் பெரும்பாலோர் அதைச் சொல்லிவிட்டு லயத்திலேயே மாண்டனர். நாமும் சொல்லிவிட்டுப் போகவேண்டியதில்லை.