சூரியன் மறையாத ஊரில் மாலை ராகம்

ஹம்மர்பெஸ்ட் 70 பாகை வடக்கில் இருக்கிறது. ஒஸ்லோவிலிருந்து காரில் போனால் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீற்றர். மே நடுப்பகுதி தொடக்கம் ஜூலைக் கடைசி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. நவம்பர் பிற்பகுதியில் போனால், ஜனவரி பிற்பகுதி வரை எட்டியும் பார்க்காது. 1944–45 குளிர்காலத்தில் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை ஊரையே எரித்தது. மயானத்துச் சிற்றாலயம் மட்டும்தான் மிஞ்சியது. இப்போது நாங்கள் பார்க்கிற ஊர் முழுக்க அதற்குப் பிறகு கட்டினது.

1980களின் கடைசியில் எங்கட சனம் கனபேர் வந்து இறங்கினது இப்படியான ஊர்களில்தான். ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் ஆள் தேவைப்பட்டது. எங்கட அப்பா அம்மாக்கள் ரப்பர் சப்பாத்தும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு மீன் வெட்டினார்கள். பிறகு பலர் தெற்கே ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் குடிபெயர்ந்தார்கள். எங்கட வீடும் அப்படித்தான். அந்த நாளில் எங்களுக்குச் சங்கீதம் என்றால் கசெட். அம்மா வேலை முடிந்து வந்து அரிசி களைய, குசினி யன்னலில் வைத்த றேடியோப் பெட்டியில் ஒரு பாட்டு ஓடும். ஒரு மனிதர் முன்னால் இருந்து வாசிப்பதை நான் முதன்முதல் பார்த்தது ஒஸ்லோவுக்கு வந்த பிறகுதான்.

போன ஒக்டோபரில் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவில் ஒரு சித்தார் கச்சேரிக்குப் போனேன். க்ரூனர்லொக்கா பக்கம் ஒரு சின்ன மண்டபம், நூறு பேர் அளவில். சித்தார்க்காரர், தபேலாக்காரர், பின்னுக்குத் தம்புராவோடு ஒரு பெண்.

ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். சித்தார் எங்கட வாத்தியம் இல்லை. எங்களுக்கு வீணை, நாதஸ்வரம், தவில். ஆனால் வேலையிடத்தில் நோர்வேக்காரர் "இந்திய இசை" என்று சொன்னால் அவர்கள் மனதில் வருவது ரவிசங்கரும் சித்தாரும்தான். 1960களில் மேற்கு நாடுகள் எங்கும் அவர் வாசித்த வாசிப்பு அப்படிப் பதிந்து போச்சு. எங்கட பிள்ளையளும் பள்ளிக்கூடத்தில் "நீ சித்தார் வாசிப்பியா?" என்ற கேள்வியைக் கேட்டுத்தான் வளருதுகள். எங்களுடையது என்று மற்றவர்கள் நினைக்கிற ஒன்று எங்களுக்கே அந்நியமாக இருப்பது ஒரு சங்கடம்தான்.

அந்தச் சங்கடம் அன்றைக்குக் கொஞ்சம் கரைந்தது. ஆலாபனை தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். மகள் என் கையைச் சுரண்டி, "அம்மா, இது என்ரை மோகனம்" என்றாள். சனிக்கிழமை சங்கீத வகுப்பில் மோகன கீதம் படிக்கிற பிள்ளை. சித்தார்க்காரர் அறிவித்த பெயர் பூபாளி. எங்கட பூபாளம் இல்லை, அது வேறு. அவர்களின் பூபாளிதான் எங்கட மோகனம்.

பிள்ளையளோடு போகிற பெற்றோருக்கு இந்த அட்டவணை ஒரு கைவிளக்கு மாதிரி. அவர்களின் யமன் எங்கட கல்யாணி. மால்கௌன்ஸ் எங்கட ஹிந்தோளம். பைரவ், சரளி வரிசை தொடங்குகிற மாயாமாளவகௌளை. ஹம்சத்வனியும் கீரவாணியும் சாருகேசியும் தெற்கிலிருந்து வடக்கே போனவை, பெயர்கூட மாறவில்லை. வாசிக்கிற முறை வேறுதான். ஆனாலும் வர்ணம் வரைக்கும் வந்த பிள்ளைக்கு அந்த மண்டபத்தில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

இடைவேளையில் மகள் மேடைக்குக் கிட்டப் போய் வாத்தியத்தைப் பார்த்தாள். வளைந்த மெட்டுகளுக்கு மேலே ஆறு ஏழு தந்திகள். அவற்றுக்குக் கீழே மெல்லிய தந்திகள் பதினொன்று, பதின்மூன்று என்று வரும். அவற்றுக்குத் தரப் என்று பெயர். அவற்றைப் பெரும்பாலும் விரல் தொடுவதில்லை. மேலே ஒரு ஸ்வரம் சரியாக விழுந்தால், அதே ஸ்வரத்துக்குச் சுருதி சேர்த்த கீழ்த்தந்தி தானாக அதிரும். "ஹார்டிங்ஃபேலே மாதிரி!" என்றாள். நோர்வேயின் ஹார்டாங்கர் வயலினைத்தான் சொன்னாள். அதிலும் வில் படுகிற நாலு தந்திக்குக் கீழே நாலைந்து அதிர்தந்திகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறாள். எனக்கு மோகனத்தால் திறந்த கதவு, அவளுக்கு அந்த வயலினாலும் திறந்தது.

இந்த ஊருக்கும் எங்கட ஊருக்கும் இசையால் ஒரு பழைய தொடர்பும் உண்டு. வயலின் வித்துவான் எல். சங்கரின் தகப்பன் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுப் போனது. அதே சங்கர் 1984இல் ஒஸ்லோவில், நோர்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக்கோடும் தபேலா மேதை ஸாகிர் ஹுசேனோடும் சேர்ந்து ஒரு இசைத்தட்டைப் பதிவு செய்தார். எங்கட அப்பாக்கள் கனபேர் ஃபின்மார்க்கில் மீன் வெட்ட வருவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி.

கச்சேரி முடிந்து ட்ராமுக்கு நிற்கும்போது மகள் ஒரு கேள்வி கேட்டாள். பூபாளி இரவின் முதல் பகுதிக்கு உரியது என்று மேடையில் சொன்னார்கள். வடக்கத்திய மரபில் ராகத்துக்கு நேரம் உண்டு: விடியலுக்கு பைரவ், பொழுது படும் வேளைக்கு பூரியா தனாஸ்ரீ, நடு இரவுக்கு மால்கௌன்ஸ். எங்கட கச்சேரிகளில் அந்தக் கட்டாயம் அவ்வளவு இல்லை. "அப்ப ஹம்மர்பெஸ்டில் என்ன செய்யிறது? ஜூனில் இரவே இல்லையே. மாலை ராகம் வாசிக்கவே ஏலாதா?"

விளையாட்டுக் கேள்விதான். எனக்கு அது நெடுநேரம் மனதில் நின்றது. நேரம் என்பது மணிக்கூட்டிலா, வெளிச்சத்திலா? அந்த ராகங்களுக்கு நேரம் வகுத்தவர்கள், நாள்தோறும் ஆறு மணிக்குக் கிட்ட விடிந்து ஆறு மணிக்குக் கிட்ட இருளுகிற தேசத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களுக்கு இரண்டும் பிரிந்து போயிற்று.

ஹம்மர்பெஸ்டில் என் அம்மாவுக்கும் இதே பிரச்சினை இருந்தது. தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. அங்கே சூரியன் திரும்ப ஒரு கிழமை இருக்கும். சூரியனுக்குப் பொங்க வேண்டும், சூரியன் இல்லை. அம்மா மின்னடுப்பில் பொங்கி, கிழக்கு யன்னலைத் திறந்து, கறுத்த வானத்தைப் பார்த்துப் படைப்பா. ஒரு கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்தில் சூரியன் திரும்பி வந்ததுக்கு எங்களுக்கு இனிப்பு பன் தருவார்கள். நாங்கள் இரண்டையும் சாப்பிட்டோம்.

அம்மா நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டா. வெளிச்சம் இல்லாத இடத்தில் அதுதான் வழி. வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. டிசம்பரில் அங்கே நண்பகலில் சில மணித்தியாலம் மட்டும் பனி மேல் ஒரு நீல வெளிச்சம் வரும், தெற்கு அடிவானம் லேசாகச் சிவக்கும். அது விடியலும் இல்லை, அந்தியும் இல்லை, இரண்டும்தான். பகலும் இரவும் சந்திக்கிற வேளைக்கு உரிய ராகங்களை வடக்கில் சந்திப்பிரகாச ராகங்கள் என்பார்கள். பூரியா தனாஸ்ரீ அதில் ஒன்று. எங்களுக்கு அது பந்துவராளி. ஹம்மர்பெஸ்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு அதைப் போட்டுக் கேட்டால் பொருந்தாது என்று யார் சொல்லுவார்? மகளுக்கு இதைத்தான் சொன்னேன். "அப்ப இந்த டிசம்பரில் போய்ப் பார்ப்பம்" என்றாள். துறைமுகக் கரையில் ஆர்க்டிக் கலாசார மையம் இருக்கிறது, அங்கே ஒரு சித்தார்க்காரர் வருவாரோ தெரியாது. வராவிட்டாலும் ஹெட்போன் இருக்கு.

ஆனால் முதலில் நேரில் கேட்க வேண்டும். ஒஸ்லோவில் நாட்டார் இசைக்கும் சாமி மக்களின் யொய்க் பாட்டுக்கும் என்றே ரிக்ஸ்சேனன் என்ற அரங்கு 2010 தொடக்கம் இயங்குகிறது; இப்படியான அரங்குகளின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயது வந்தால் காணும். வாசிப்பவரின் இடக்கை தெரிகிற பக்கமாக இருங்கள். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் மூன்று நாலு ஸ்வரம் எடுப்பதைப் பிள்ளை காணட்டும். ஆலாபனை அரை மணிக்கு மேலேயும் போகும், தபேலா அதற்குப் பிறகுதான் சேரும் என்று முதலே சொல்லி வையுங்கள். வெளிக்குளிரிலிருந்து சூடான மண்டபத்துக்குள் வந்த வாத்தியம் சுருதி அசையும், அதனால் நடுவிலும் நிறுத்திச் சேர்ப்பார்கள். 1971இல் நியூயோர்க்கில் ரவிசங்கர் சுருதி சேர்த்ததற்கே சனம் கைதட்டினது. அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளை சிரிக்கும், காத்திருக்கவும் செய்யும்.

எந்த ராகம், எங்கட பெயர் என்ன என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பிள்ளை தன் காதால் கண்டுபிடிக்கட்டும். நாங்கள் நினைக்காத பக்கத்தால்தான் அது உள்ளே போகும்.