இரண்டாம் முறை

பெத்சாய்தாவில் இயேசு குணமாக்கிய பார்வையற்றவருக்கு ஒரே தொடுதலில் பார்வை திரும்பிவிடவில்லை. மனிதர்கள் மரங்களைப்போல் நடமாடுவதாக அவர் சொன்னபின், ஆண்டவர் மீண்டும் அவர் கண்கள்மீது கைவைத்தார் என்கிறார் மாற்கு. மறையுரைகளில் பலமுறை கேட்ட நிகழ்ச்சிதான். என் தமக்கையின் கட்டிலருகே அமர்ந்திருந்த நாள்களில்தான் அந்த இரண்டாம் முறை என் நெஞ்சில் தைத்தது.

அறுவடையின்போது நெற்தாள் ஒன்று அவருடைய வலக்கண்ணைக் கீறியது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டுமருந்தை வாங்கி வந்தவன் நான். சிவப்பு இரண்டே நாளில் குறைந்தது, மகிழ்ந்தோம். அது ஸ்டீராய்டு என்பதும், வயலிலிருந்து கண்ணில் தொற்றும் பூஞ்சைக்கு அது உரமிடுவதைப் போன்றது என்பதும் பெரிய மருத்துவமனைக்குச் சென்ற பிறகே தெரிந்தன. அதற்குள் பூஞ்சை கருவிழியைக் கடந்து உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே இறைவன் ஒரு வேலி அமைத்திருக்கிறார். பல மருந்துகளை அது எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆகவே கண்ணுக்குள் நேரே ஊசி போடுகிறார்கள். அம்போடெரிசின் என்னும் மருந்தின் அளவு 5 மைக்ரோகிராம். ஒரு கிராமை 2 இலட்சம் பங்காக்கினால் அதில் ஒன்று! மிகுந்தால் விழித்திரையே பழுதாகும். வோரிகோனசோலோ சில மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பூஞ்சை வாரக்கணக்கில் தங்குவது. எனவே மீண்டும் ஊசி, மீண்டும் அச்சம். ஒவ்வொரு முறையும் அக்காள் செபமாலையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே செல்வார்.

மருந்தை ஒரேயடியாகக் கண்ணுக்குள் வைத்துவிட முடியாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். பிற நோய்களுக்கு முடியும் என்றார். எய்ட்ஸ் நோயாளரின் கண்ணைத் தாக்கிய வைரசுக்கு எதிராக, அறுவைசெய்து உள்ளே பொருத்தும் மருந்துச் சில்லுக்கு 1996இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அது மாதக்கணக்கில் மருந்தைக் கசியவிட்டது. 2009இல் வந்தது 6 மில்லிமீட்டர் நீளமுள்ள குச்சி. ஊசிவழி உள்ளே புகுந்து, மருந்தை விட்டபடியே தானும் கரைந்துவிடும். ஆனால் அதில் இருப்பது ஸ்டீராய்டு. நான் வாங்கி வந்தேனே, அதே இனம்.

பூஞ்சைக்கு? 1997இலேயே ஜப்பானிய ஆய்வாளர் ஃப்ளுகோனசோலைக் கரையும் பொருளில் பொதிந்து முயல்களின் கண்ணில் வைத்துப் பார்த்தனர். நோயாளியின் படுக்கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. கதிர் அறுப்பவரின் நோய்க்குச் செலவழிக்க யாருக்கு அவசரம்? கசப்பாகத்தான் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

நான்காம் ஊசிக்குப் பின் பூஞ்சை அடங்கியது. கட்டு அவிழ்த்த காலையில் அக்காள் என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "தம்பி, நீ நிற்பது தெரிகிறது. முகந்தான் தெரியவில்லை" என்றார்.

சொட்டுமருந்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்டதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் சொன்னதை நானும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது நாள்தோறும் அவருக்கு மருந்து விடுபவனும் நானே. புட்டியை எடுக்கும் ஓசை கேட்டதும் முகத்தை நிமிர்த்தி, கண்ணைத் திறந்தபடி காத்திருக்கிறார்.